இரண்டு கேட் உள்ள தோட்டம்

பத்தாங் பெர்ஜுந்தாய்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ரெய்மண்டுக்கு,

அக்கா கான்ஸ்டன்ஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கு சுகம்; காது மட்டும் நாளுக்கு நாள் மோசம். உன் இடுப்பு வலி எப்படி, உன் மகள் அபிகெயில் ஒழுங்காகப் படிக்கிறாளா, வீட்டில் எல்லாரும் நலமா என்று எழுது.

நான்காம் வகுப்புக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த நாளில் ஒரு பையன் எழுந்து கேட்டது இன்று நினைவுக்கு வந்தது. "டீச்சர், நான் இங்க போடுற லெட்டரு ஈப்போவுக்குப் போற வழி பூரா போஸ்ட்மேனுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். இவருக்குக் கோலசிலாங்கூர் வரை தெரியும். அங்கிருப்பவருக்கு அடுத்த ஊர் தெரியும். அதோடு உட்காராமல் இன்னொன்றும் கேட்டான்: "அப்ப நடுவுல ஒருத்தரு தப்பு வழி சொன்னா?" வகுப்பே சிரித்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

அந்தப் பையன்தான் லோகேஸ்வரன். நான் சொல்லி, நீ வேலை செய்யும் கம்பெனியில் சேர்த்துவிட்டாயே, அவன். அவன் மனைவி குமுதா இங்கே கடைத்தெருவில் வடையும் கறிபாப்பும் விற்கிறாள். "எங்க வீட்டுக்காரரு இண்டர்நெட்டுக்கு வழி போடுறாரு டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னாள். வழி போடுவது என்றால் என்ன? தொலைபேசியில் சொல்லாதே, எனக்குக் கேட்காது. உன் குறுஞ்செய்தியில் பாதி எழுத்து இருப்பதில்லை. கடிதமாகவே எழுது.

அன்புடன்,
அக்கா

சபாக்
20 பிப்ரவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இடுப்பு அப்படியேதான். இண்டர்நெட் விற்கிறவன் தபால்தலை ஒட்டுகிறான் என்று ஆபீசில் சிரிக்கிறார்கள்.

தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் வரை வீடுகளுக்கும் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் நாங்கள் லைன் கொடுக்கிறோம். உங்கள் ஊருக்கும் ஒரு கிளை உண்டு. உலகத்தில் இப்படிப் பல்லாயிரம் வலையமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே முடிவெடுக்கும். அதனால் தன்னாட்சி அமைப்பு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; எங்களுக்கும் உண்டு.

எங்கள் எல்லையில் ரௌட்டர் என்று ஒரு பெட்டி நிற்கும். அது பக்கத்து வலையமைப்பின் பெட்டியிடம், "இன்னின்ன முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என்னிடம் கொடு" என்று அறிவிக்கும். பக்கத்துக்காரர் அதில் தன் எண்ணையும் சேர்த்து அவருக்கு அடுத்தவரிடம் சொல்வார். இப்படியே கைமாறிப் போகும். உலகத்தின் முழு வழியும் தெரிந்தவர் யாரும் இல்லை அக்கா. உங்கள் போஸ்ட்மேன் கதைதான்.

லோகேஸின் இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. தப்பு வழி சொன்னால் பெரும்பாலும் நம்பிவிடுவார்கள். நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது. அவன் கெட்டிக்காரன், வேலையில் குறை சொல்ல முடியாது.

தம்பி
ரெய்மண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய்
3 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. இங்கே நல்ல மழை, மற்றபடி சுகம்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், சரியா என்று திருத்து. நான் வேலை செய்த பள்ளி இருந்த செம்பனைத் தோட்டத்துக்கு இரண்டு கேட். ஒன்று பெர்ஜுந்தாய் சாலையில், மற்றது தஞ்சோங் காராங் பக்கம். உள்ளே இருப்பது செம்மண் சாலை. செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரி எந்தக் கேட்டிலும் போகலாம், வரலாம். ஆனால் வெளி லோரி ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் போகக் கூடாது. கேட்டில் காவல் நின்ற ஜாகா இருசப்பன் எந்த முதலாளி லோரியானாலும் மறித்துவிடுவார்.

ஒரு முறை யாரோ வெளிச் சாலையில், "தஞ்சோங் காராங் இவ்வழி" என்று பலகை வைத்துவிட்டார்கள். அன்று இருசப்பன் லீவு. மணல் லோரிகள் வரிசையாக உள்ளே வந்துவிட்டன. குறுக்கு வழி, டோல் கிடையாது, விடுவார்களா? சாலை சேறாகிப் பள்ளிக்கூட வேன்கூட நகரவில்லை.

உங்கள் தன்னாட்சி அமைப்பும் இப்படி இரண்டு கேட் வைத்த தோட்டம்தானா?

உன் நலம் நாடும்
அக்கா

சபாக்
2 மே 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் உதாரணத்தை லோகேஸிடம் காட்டினேன். "டீச்சர் இன்னும் மார்க் போடுறாங்களா சார்?" என்று சிரித்தான்.

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இதுவரை எங்களுக்கு ஒரு கேட்தான். ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பணம் கட்டி அதன் வழியாக வெளியுலகத்துக்குப் போகிறோம். இப்போது இன்னொரு பெரிய நிறுவனத்தோடும் லைன் எடுக்கிறோம். ஒன்று அறுந்தால் மற்றது இருக்கும். பக்கத்துக்காரர்களை ரௌட்டரில் வகை பிரித்து வைப்போம். எங்களிடம் பணம் கட்டும் வாடிக்கையாளர் ஒரு வகை. நாங்கள் பணம் கட்டும் பெரியவர்கள் ஒரு வகை. வாடிக்கையாளர் சொன்ன வழியை எல்லாருக்கும் அறிவிக்கலாம். ஒரு பெரியவர் சொன்னதை இன்னொரு பெரியவரிடம் அறிவிக்கவே கூடாது. அறிவித்தால் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடும் அத்தனையும் எங்கள் செம்மண் சாலையில் வந்துவிடும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தட்டெழுதுவார், இன்னொருவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பார். அதன் பிறகுதான் உள்ளே ஏற்றுவோம்.

எல்லை ரௌட்டருக்குள் போகும் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பத்தாம் தேதி சனிக்கிழமை காலையில் நானே புது லைனை இணைக்கிறேன். அன்றுதான் அபிகெயிலுக்கு உறுதிப்பூசுதல் சடங்கு, பூசையோடு. முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவேன். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

தம்பி
ரெய்மண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய்
13 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். வெள்ளை உடுப்பில் அபிகெயிலைப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்கு என் முத்தம்.

ஆனால் நீ ஏன் சாப்பிடாமல் போனாய்? பூசை தொடங்கும் நேரத்தில் ஓடி வந்தாய். சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. என் காதருகே குனிந்து, "முடிச்சிட்டேன்க்கா, ரெண்டாவது கேட்டு தொறந்தாச்சு" என்றாய். எனக்கே கேட்கும்படி அவ்வளவு உற்சாகமாகச் சொன்னாய். பூசை முடிந்து கைப்பேசியைத் திறந்தவன் முகம் வெளுத்துவிட்டது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் காரைத் தஞ்சோங் காராங்கில் நிறுத்தினார். கடையில் கைப்பேசி காட்டிப் பணம் கட்ட முடியாமல் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். "காலைலேருந்து லைன் இல்ல லா" என்றார் கடைக்காரர். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. நலமா என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா

சபாக்
5 ஜூன் 2025

அக்காவுக்கு,

சுகம். கவலைப்பட வேண்டாம். புது லைனில் ஒரு கோளாறு வந்து சரியாகிவிட்டது. லோகேஸ் வேலையை விட்டுப் போய்விட்டான். வெயில் கடுமை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெய்மண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய்
14 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

கடவுள் உன் குடும்பத்தைக் காக்கட்டும். எனக்குச் சுகம்தான், தூக்கம் மட்டும் குறைவு.

நேற்று குமுதாவின் கடைக்குப் போனேன். எனக்குக் கேட்க வேண்டுமென்று அவள் உரக்கப் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க, வெளங்குற மாதிரி சொல்லுங்க. இவரு கேபிள புடுங்கிட்டாராம். அதுக்காகவா வேலைய விட்டுத் தூக்குவாங்க?"

தானாகத்தானே போனான் என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? தேவதாஸ் முதலாளி நேராவே நிக்க வெச்சு, போடான்னுட்டாரு. அன்னிக்கு நான்கூட இவரத்தான் திட்டினேன் டீச்சர். ஃபோன்ல காசு வரல, பாதி வடை மிஞ்சிப் போச்சு. வீட்டுக்கு வந்தவர, 'உங்க இண்டர்நெட்டு வாழ்க'ன்னு கும்பிட்டேன். இப்ப நெனச்சா நாக்க அறுத்துக்கலாம் போல இருக்கு."

லோகேஸ் என்ன சொல்கிறான் என்றேன்.

"என்னத்த சொல்றாரு, ஊமைச் சாமி! 'விடு குமுதா, சார்தான் நமக்கு வேல குடுத்தவரு'ன்றாரு. வேல போன கதையில வேல குடுத்தவரு பேரு ஏன் வருதுன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு."

இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். கோப்பிக்கடையில் நுழைந்தால், "இண்டர்நெட்ட அடைச்சவரு வந்துட்டாரு, ஃபோன மூடுங்க லா" என்று கேலி செய்கிறார்களாம். கிள்ளானில் ஒரு கம்பெனி எடுப்பதாக இருந்து, முதலாளியிடம் விசாரித்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டதாம்.

ரெய்மண்ட், அன்று என்ன நடந்தது?

அக்கா

சபாக்
18 ஜூலை 2025

அக்காவுக்கு,

வணக்கம். வேலை அதிகம், அதனால் பதில் எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். புதுப் பெரியவர், பெரியவர்கள் வகையில் போகாமல் வாடிக்கையாளர் வகையில் போய்விட்டார். அவர் சொன்ன வழிகளெல்லாம் வாடிக்கையாளர் வழி என்று பழைய பெரியவருக்கு அறிவிப்பாகிவிட்டன. பழைய பெரியவருக்கு நாங்களே பணம் கட்டும் வாடிக்கையாளர். எங்கள் வழியாக அனுப்பினால் அவருக்கு வரவு. ஆகவே மற்ற வழிகளை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். உங்கள் மணல் லோரிகள்தான், எங்கள் லைன் திணறிவிட்டது. அவரும் எங்கள் அறிவிப்பைச் சோதித்து நிறுத்தியிருக்கலாம். உலகம் முழுவதும் இந்தக் குறை இருக்கிறது.

பணியில் இருந்தவர் புது கேபிளைப் பிடுங்கினார். அதே நேரம் பழைய பெரியவர் பாதுகாப்புக்காக எங்கள் லைனை மூடிவிட்டார். இரண்டு கேட்டும் அடைபட்டு மாலைவரை ஒன்றும் ஓடவில்லை. முதலாளி வந்தபோது லோகேஸ் கையில் கேபிள் இருந்தது.

ஒவ்வொரு அறிவிப்போடும் அது கடந்து வந்த எண்கள் சேர்ந்தே போகும். அதனால் தப்பு எங்களுடையது என்று உலகத்துக்கே தெரிந்தது. எங்களில் யார் என்பதை அந்த எண் சொல்லாது.

ரெய்மண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய்
26 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

உன் உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும் செபிக்கிறேன்.

நீ நன்றாக விளக்கினாய். விளக்கியதால்தான் எனக்குப் புரிந்துவிட்டது. வகை பிரிப்பது எல்லை ரௌட்டருக்குள். அதன் கடவுச்சொல் உன்னிடம் மட்டும். நானே இணைக்கிறேன் என்று மே மாதம் எழுதினாய். முடித்துவிட்டேன் என்று கோயிலில் சொன்னாய். லோகேஸ் கையில் இருந்தது கேபிள் மட்டும்தான். வெளி லோரி நுழைந்ததைக் கண்டு கேட்டை இழுத்து மூடியவனை, பலகை வைத்தவன் என்கிறார்கள். நீ அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறாய்.

நான் சொல்வது தப்பானால் திருத்து. தப்பாக இருக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன்.

அக்கா

சபாக்
21 ஆகஸ்ட் 2025

அக்கா,

தப்பில்லை.

பூசைக்கு நேரமாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிவைத்த அமைப்பையே நகலெடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றினேன். வகையை மாற்ற மறந்தேன். "சார், ஒருக்கா வாசிக்கட்டா?" என்று லோகேஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "வேணாம் லா, அங்க மணி அடிச்சிருவான்" என்று சொல்லி ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். அவன் எனக்கு அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். உள்ளே போக அவனிடம் கடவுச்சொல் இல்லை. பிடுங்குவதைத் தவிர அவனால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் முதலாளி அவனைத் திட்டி முடித்துவிட்டார். என்னைப் பார்த்து, "நல்லவேள நீங்களாச்சும் வந்தீங்க" என்றார். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். லோகேஸ் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பழைய பெரியவரிடம் பேசி லைனைத் திறக்க வைத்ததும் நான்தான். அதற்குக் கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில் இந்தத் தப்போடு என்னை யார் எடுப்பார்கள் அக்கா? அபிகெயில் இப்போதுதான் கல்லூரிக்குப் போகப்போகிறாள்.

ஆனாலும் வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். பிறகு முதலாளியிடம். எனக்காகச் செபியுங்கள்.

ரெய்மண்ட்

சபாக்
1 செப்டம்பர் 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகம். லோகேஸ் வீட்டுக்குப் போய் வந்தேன். நன்றாகப் பேசினார்கள். மீதி நேரில்.

ரெய்மண்ட்

பத்தாங் பெர்ஜுந்தாய்
10 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

போய் வந்தேன் என்று நீ எழுதியதைப் படித்து அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் குமுதாவைப் பார்க்கும்வரை அந்த நிம்மதி இருந்தது.

"சார் வந்தாரு டீச்சர்! எவ்வளோ பெரிய மனசு. அத்தன தூரத்துலேருந்து எங்க வீடு தேடி! டீ போட்டேன், ரெண்டு கிளாஸ் குடிச்சாரு. வடைய கட்டிக்கூடக் குடுத்தேன்."

என்ன பேசினார் என்று கேட்டேன்.

"ஆறுதலா பேசினாரு. போறப்ப இவரு தோள்ல தட்டி, 'தப்பு எல்லாருக்கும் வர்றதுதான் லோகேஸ், மனச விட்றாத'ன்னாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

லோகேஸ்?

"அவருக்கு எங்க மரியாத தெரியுது! சார் இருந்த நேரம் பூரா வாசல்லயே நின்னாரு. உள்ள வந்து ஒக்காரல. போனப்புறம் கத்தினேன். 'டீ நல்லா இருந்திச்சா அவருக்கு?'ன்னு மட்டும் கேட்டாரு."

ரெய்மண்ட், நீ அவனை அவன் வீட்டிலேயே மன்னித்துவிட்டு வந்திருக்கிறாய். கேபிளோடு அவனை நிற்க விட்டதைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது. நீ கெட்டவன் இல்லை என்பதால் இன்னும் வலிக்கிறது. அந்த வாசற்படிவரை நீ சொல்லத்தான் போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். குமுதா சிரித்துக்கொண்டு கிளாஸை நீட்டினாள், நீ வாங்கிவிட்டாய். அவள் கையால் டீயை வாங்கிக் குடித்த பிறகு, "உன் வீட்டுக்காரன் சோற்றைக் கெடுத்தது நான்" என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அங்கேயே அவளிடம் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. உன் கேட்டில் கேட்டதை அவள் கேட்டில் அறிவிக்க எனக்கு உரிமை இல்லை. அது உன் வாயிலிருந்து போக வேண்டிய வழி. ஆனால் அவளிடம் நான் பொய்யும் சொல்ல மாட்டேன். என்ன நடந்தது என்று அடுத்த முறை அவள் கேட்டால், "ரெய்மண்டைக் கேள்" என்பேன். அவள் விவரமானவள். அந்தச் சொல்லே அவளுக்குப் போதும். அதற்கு முன் நீ வந்துவிட வேண்டும்.

வேலை போகலாம். உண்மைதான், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அபிகெயிலின் படிப்புக்கு என் ஓய்வூதியத்தில் ஆனதைச் செய்வேன். அதை ஒரு காரணமாக வைத்துக்கொள்ளாதே. கிள்ளான் கம்பெனி மறுபடி விசாரிக்கும்போது லோகேஸைப் பற்றி உண்மை சொல்ல ஓர் ஆளாவது இருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வா. நானும் கூட வருகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். எல்லாருக்கும் என் அன்பு. இடுப்புக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்
அக்கா

பி.கு. கதவைத் திறந்ததும் குமுதா அடுப்படிக்குத்தான் போவாள். போக விடாதே. லோகேஸை உள்ளே கூப்பிட்டு உட்கார வை. டீ வருவதற்கு முன் சொல்லிவிடு.